கல்யாண ஊர்வலத்தில் ஓர் அடக்கப் பாட்டு

மலாய் நாட்டில் ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்து, மறுபடி மெல்லத் தலைதூக்க ஆரம்பித்திருந்த வருஷம். தை மாதம். நான் ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருகிற வரைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் ஆர்மோனியம் வாசிப்பேன். மற்ற நாட்களில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பேன். அந்தத் தையில் என் பள்ளித் தோழிக்குக் கல்யாணம் வந்தது. அவர்கள் இந்துக்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் ஆர்மோனியத்தில் எந்தப் பாட்டைப் பழகினாலும் அவளுக்கும் அது பாடமாகிவிடும்.

அவளுடைய அப்பா ரயில் கார்டு. மாப்பிள்ளை கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கு எழுதுகிற கிராணி. தாயில்லாத அவரை வளர்த்தது அவருடைய அத்தை. அந்த அம்மாள் சகுனம் பார்ப்பதில் பேர்போனவர். இதற்கு முன்னால் பேசிய பெண்ணை நிச்சயம் செய்யப் போகிற வழியில் ஒரு சவ ஊர்வலம் எதிர்ப்பட, அது நல்ல சகுனம்தான் என்று சிலர் சொல்லியும் கேட்காமல், தாம்பாளத்தோடு அப்படியே வீடு திரும்பிவிட்டாராம். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. தோழிக்கு இந்தக் கதை தெரியும். மாப்பிள்ளையையோ அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. அதனால் காலையிலிருந்தே வாசலில் யாராவது தும்மினால்கூட முகம் வெளுத்தாள்.

தை மாதமாயிற்றே, நாதஸ்வரக்காரர்கள் ஒருவரும் கிடைக்கவில்லை. கார்டு அசரவில்லை. வெள்ளை உடுப்பும் பளபளக்கும் குழல்களுமாக ஒரு மணிலாக்காரப் பேண்டை அமர்த்திவிட்டார். பேண்டு மாஸ்டருக்கு மலாயும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரியும், தமிழ் சுத்தமாகத் தெரியாது. வெள்ளைக்காரப் பாட்டெல்லாம் வேண்டாம், தமிழ்ப் பாட்டாக வாசியுங்கள் என்று கார்டு மலாயில் சொன்னாராம். எனக்குத் தெரியுமே என்று அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினாராம்.

சாயங்காலம் கிள்ளான் ரயிலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனிலிருந்து ஊர்வலம். நாங்கள் பெண்கள் எல்லாரும் குவார்ட்டர்ஸ் முனையில் காத்து நின்றோம். தூரத்தில் பேண்டுச் சத்தம் கேட்டது. முதல் வரியிலேயே எனக்கு மெட்டு தெரிந்துவிட்டது.

அது எங்கள் சபையின் அடக்கப் பாட்டு. சவப்பெட்டியை வீட்டை விட்டு எடுக்கும்போது வாசிக்கிறது. எங்கள் ஜனங்கள் வீட்டுச் சாவுகளுக்கு வாசிக்க வந்து வந்து, பேண்டு மாஸ்டர் கற்று வைத்திருந்த ஒரே தமிழ்ப் பாட்டு அதுதான். சாவு வீட்டுக்கு வாசிக்கிற அதே நிதானத்தில், இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டு வந்தார்கள்.

ஊர்வலத்தில் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெகு உருக்கமாக இருக்கிறதென்று ஒருவர் பாராட்டக்கூடச் செய்தார். தெரிந்தவர்கள் எங்கள் சபை ஜனங்கள்தான். பாட்டுச் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆண்கள் வாசலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அத்தைக்கு ஒரே பெருமை. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு மரியாதை தெரியும் என்று பக்கத்தில் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வீட்டு அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவரும் எங்கள் சபைதான். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"யாரு பிள்ளை போயிட்டாங்க? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே."

அத்தை நாலடி தள்ளித்தான் வந்துகொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்துவிட்டது. நடை கொஞ்சம் தயங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் துணியை விலக்கிக்கொண்டு தோழி நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை கேட்ட பாட்டு, அவளுக்கா தெரியாது? அவள் பார்வை பாட்டைவிட்டு அத்தையின் கால்களுக்குப் போயிருந்தது. அந்தக் கால்கள் திரும்பிவிட்டால் அவள் கல்யாணம் போயிற்று.

பாட்டை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் யோசித்தது அவ்வளவுதான். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆண்பிள்ளைகள் கூட்டத்துக்குள் புகுந்து, பேண்டு மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். "லெக்காஸ், லெக்காஸ்!" என்று கையைத் தட்டித் தட்டி வேகம் காட்டினேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது. முரசுக்காரர் அவருக்கு முன்னாலேயே புரிந்துகொண்டு குச்சியை மாற்றிப் பிடித்தார். இதுநாள் வரை நடந்தே பழகிய அந்தப் பாட்டு அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓடியது.

மெட்டு ஓடினால் போதுமா? சொல் வேண்டுமே. மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நிறுத்தி வைத்துக் கேலி பாடுகிறது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை ஒல்லி, அவர் போட்டிருந்த கோட்டு ரொம்பப் பெரியது. வாய்க்கு வந்ததைப் பாடினேன்:

"கிள்ளான் ரயிலு வந்திருச்சு, மாப்பிள்ளையைக் காணோமே,
கோட்டுக்குள்ள தேடிப் பாருங்க, கொஞ்சம் ஆளு தெரியுதே."

சபைப் பெண்கள் முதலில் விழித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவார்களே அந்த மெட்டை! மற்றப் பெண்கள் கைதட்டினார்கள். மாப்பிள்ளையே குனிந்து தன் கோட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். பதில் கேலி பாடுவதில் கிள்ளானில் அத்தையை மிஞ்ச ஆளில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு நிமிஷம் தாளத்தைக் கவனித்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்:

"கோட்டைப் பார்த்துச் சிரிக்கிறீங்க, குவார்ட்டர்ஸு பொண்ணுங்களே,
கொல்லையில ரயிலு போனா குடமும் குண்டானும் ஆடுதே."

தெருவே அதிர்ந்தது. தொப்பியைக் கழற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாக மறுபடி போட்டுக்கொண்டார்கள்.

வாசலுக்கு வந்தாயிற்று. ஆரத்தித் தட்டோடு சுமங்கலிகள் நின்றார்கள். தப்பித்தோம் என்று நான் நினைத்தபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது கிடக்கட்டும். அந்தம்மா, யாரு போயிட்டாங்கன்னு ஏன் கேட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம், நாளைக்கே அவருக்குத் தெரிந்துவிடும். அப்போது அந்த வீட்டில் இருந்துகொண்டு ஏச்சுக் கேட்கப்போவது என் தோழி. நான் சொல்லிவிட்டேன்.

"பெரியம்மா, இது எங்க சபையில அடக்கத்துக்கு வாசிக்கிற பாட்டு. பேண்டுக்காரருக்குத் தெரிஞ்ச தமிழ்ப் பாட்டு இது ஒண்ணுதான்."

ஆரத்தித் தட்டு அப்படியே நின்றது. கார்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தை பேண்டைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ இவ்வளவு நேரம் என் மருமகனுக்கு நான் ஒப்பாரியா வெச்சேன்?"

அத்தை மறுபடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் பாடினது கல்யாணப் பாட்டு. என் வாயால பாடியாச்சு. இல்லேன்னு எவன் சொல்றான், வரச் சொல்லு பாப்போம். ஆரத்தியை எடுங்கடி, பிள்ளை எவ்வளவு நேரம் நிப்பான்? அந்த மணிலாக்காரரை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லு லா."

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பந்தியில் பேண்டு மாஸ்டருக்கு நான்தான் பரிமாறினேன். அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பாக இருக்கிறது, கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கிறது. தமிழர்கள் ரொம்ப மெதுவாக நடக்கிற, சிரிக்கத் தெரியாத ஜனங்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தாராம். சாவு வீட்டிலேயே பார்த்தால் பின்னே எப்படி நினைப்பார்?

எங்கள் சபையில் சும்மா விடவில்லை. ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து, புனிதமான பாட்டைத் தெருக்கூத்தாக்கிவிட்டாள் உங்கள் மகள் என்று அப்பாவிடம் குறைப்பட்டார். இங்கிலாந்திலிருந்து வந்த மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லையும் கண்ணீரையும் நாம்தானே வைத்தோம், ஐயா, என்று கேட்டேன். இனிமேல் ஆர்மோனியத்தோடு நிறுத்திக்கொள் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த மெட்டு இப்போது கிள்ளான் பக்கம் கல்யாண வீடுகளில் புதுப் புதுச் சொற்களோடு சுற்றுகிறதாம். சென்ற மாதம் எங்கள் சபையில் ஓர் அடக்கத்துக்கு அதையே நான் வாசித்தேன். அழுகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்கும்போது கை தானாக நிதானத்துக்கு வந்துவிட்டது. பாட்டிலும் ஒரு குறையும் தெரியவில்லை. அதனால் இப்போதெல்லாம் 'அது அவங்க பாட்டு, நமக்கு ஆகாது' என்று யாராவது சொன்னால், அவர்களோடு நின்று ஒரு தடவையாவது அதைப் பாடிப் பார்த்தீர்களா என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.