தவளைக் கட்டும் தகப்பன் மானமும்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னைவிடப் பெரிய கோழை அந்நாளில் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு நண்பனாகியிருப்பான்.

என் மகளுக்கு அப்போது ஒன்றேமுக்கால் வயது. நடக்கத் தொடங்கியதும் வாத்து மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போனாள். நான் அதை அழகு என்று நினைத்து ஆபீசில் நடித்துக்கூடக் காட்டினேன். ரயில்வேயில் கிராணி வேலை எனக்கு. பேனா ஓட்டுகிறவனுக்கு நடிக்க நேரம் கிடைக்கும். மனைவிதான் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

வெள்ளைக்கார டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார். வலது தொடை எலும்பின் தலை, இருக்கவேண்டிய குழியில் இல்லாமல் மேலே ஏறி நின்றது. மயக்கம் கொடுத்து எலும்பைக் குழிக்குள் தள்ளி, விலா தொடங்கி இரண்டு முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். தொடைகள் இரண்டும் இருபுறமும் அகன்று, மல்லாந்த தவளைபோலக் கிடந்தாள். ஆறு மாதம் இப்படியே இருக்கவேண்டும், கட்டு குலைந்தால் எலும்பு மறுபடி வெளியே வந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் நொண்டிதான் என்றார் டாக்டர். அதை மனைவிக்குத் தமிழில் சொன்னவன் நான்தான். கேட்டவளுக்கு ஏறியது, சொன்னவனுக்கு ஏறவில்லை.

மறுநாளிலிருந்து குவார்ட்டர்ஸே எங்கள் வீட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்தது. பத்து வீட்டு ஆட்களிடம் பதினோரு வைத்தியம் இருந்தது. தங்கள் வீட்டுச் சளிக்கு வழி தெரியாதவர்கள் என் மகளின் எலும்புக்கு வழி சொன்னார்கள். அடுத்த வீட்டம்மா கன்னத்தில் கைவைத்தார்.

"பொட்டப்புள்ளைய இப்படி விரிச்சுப் போட்டிருக்கீங்களே! நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

"எலும்பு மொதல்ல குழியில நிக்கட்டும் அக்கா. மாப்பிள்ளை அப்புறம் வாசல்ல நிக்கட்டும்" என்றாள் என் மனைவி.

எனக்கு அந்த வாய் கிடையாது. யாராவது வந்தால் போர்வையை இழுத்துக் குழந்தையை மூடினேன். முறுக்குத் தூள் கட்டுக்குள் விழுந்து எறும்பு ஏறியபோது, சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடித்தேன். எறும்புக்குப் பயமில்லை, ஊர் வாய்க்குத்தான் பயம்.

இரண்டு மாதம் ஓடியது. கிள்ளானில் மைத்துனனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மொத்தச் சொந்தமும் கூடும். என்னைப் பெரிய உத்தியோகஸ்தன் என்று நம்பிக்கொண்டிருந்த கூட்டத்தின் முன் தவளைக்குத் தகப்பனாகப் போய் நிற்பதா? கிள்ளானிலேயே ஒரு கட்டு வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனைவிக்குச் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை ரயிலேற்றி வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அவர் மாவுக்கட்டைப் பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி தட்டிப் பார்த்தார். "வெள்ளைக்காரனுக்கு என்னங்க தெரியும்? இத ஒடச்சுப் போட்டுட்டு, ரெண்டு காலையும் நேரா சேத்து வெச்சு, முட்டையும் உளுந்தும் போட்டுக் கட்டுனா எட்டே நாளு. கல்யாணத்துல புள்ள ஓடும். சுத்தியல் இருக்கா கிராணியாரே?"

ஆபீசில் ஒரு கடிதம் எடுத்துவர அரை நாள் எடுத்துக்கொள்ளும் நான், சுத்தியலுக்கு ஓடினேன்.

நான் திரும்பி வரும்போது மனைவி பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் வாளியோடு உள்ளே வந்தாள். சுத்தியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"வைத்தியரே, எந்தக் கால்ல எலும்பு வெலகியிருக்கு?"

கட்டுக்குள் இரண்டு தொடையும் ஒரே மாதிரிதான் இருந்தன. அவர் குழந்தையின் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடினார். "இடது."

"நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினாள்.

படத்தைப் பார்த்தவன், ஆஸ்பத்திரிப் படிவத்தைப் பூர்த்தி செய்தவன், பெற்றவன். வாயைத் திறந்தேன். "அது வந்து... டாக்டர் நின்ன பக்கம்..."

"ரெண்டு பேருக்கும் கால் தெரியல. ஒடைக்க மட்டும் தெரியுது!" சுத்தியலைப் பிடுங்கி வாளிக்குள் போட்டாள். "பசியாறிட்டுப் போங்க வைத்தியரே. புள்ள மேல கை வெச்சீங்கன்னா, பசியாறப் பல்லு இருக்காது."

வைத்தியர் நான்கு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மானம் கெட்ட மனிதர். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்குப் போனோம். மனைவி மகளைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்தாள். அகன்ற தொடைகள் அளவெடுத்துச் செய்ததுபோல் அந்த இடுப்பில் பொருந்தின. நம் பெண்கள் பிள்ளை தூக்குகிற மாதிரியேதான் அந்த டாக்டர் கட்டியிருக்கிறார். அதற்குத்தான் நான் போர்வை தேடி அலைந்திருக்கிறேன். கட்டுக்கு மேலே பட்டுப் பாவாடை. ஒரே ஒரு கிழவர்தான், "புள்ள ஏம்மா இப்படி வெறப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"அவங்க அப்பா ஜாடை, மாமா" என்றாள் மனைவி.

ஆறு மாதம் முடிந்து கட்டை அறுத்து மறுபடி படம் எடுத்தார்கள். எலும்பின் தலை குழிக்குள் இருந்தது. கால்கள் சேர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. மகள் காலை ஊன்ற மறுத்தாள். நான் தினமும் கட்டிலடியில் மண்டியிட்டுக் கெஞ்சினேன்.

ஒருநாள் காலை அடுத்த வீட்டம்மா அதிரசத் தட்டோடு வாசலில் நின்றார். மகள் சுவரைப் பிடித்து எழுந்தாள். அப்புறம் சுவரை விட்டாள்.

"பாத்தீங்களா, என் வேண்டுதல்!" என்றார் அந்தம்மா.

நன்றாகத் திருப்பிக் கொடுக்க வாயெடுத்தேன்.

"சும்மா இருங்க. இடுப்பப் பாருங்க" என்றாள் மனைவி.

பார்த்தேன். சாயவில்லை. மகள் நேரே தட்டுக்குப் போய் இரண்டு அதிரசத்தை எடுத்துக்கொண்டாள்.