ஏழு பெயரடைகளும் ஒரு துண்டும்

செல்லூரில் எங்கள் சந்தில் பதினான்கு வீடுகள், இருபத்திரண்டு தறிகள். அந்தத் தறிகளில் ஒன்றில் பி.யு.சி. முடித்த நான் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். எழுபதுகளின் கடைசியில், காளவாசல் பக்கம் துண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுத ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். தறியை விட்டு எழுந்து நாற்காலியில் உட்கார எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதலாளி ஏதாவது ஒரு பொருளைக் கையில் கொடுத்து, அதை ஒரே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வாராம். ஆங்கிலத்தில் பெயரடைகளுக்கென்று ஒரு வரிசை உண்டு; அது முன்பின்னாகப் போனால் அனுப்பிவிடுவாராம். முன்னால் போய்த் திரும்பிய இருவர் சொன்னார்கள். அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், மூலப்பொருள் என்று ஏழு வகையையும் வரிசையாக விரல் கணுக்களில் ஏற்றிக்கொண்டேன். பதினோரு நாள், கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பஸ், குடம், எதிர்வீட்டு ஆடு. ஆட்டுக்கு மூலப்பொருள் என்ன என்ற கவலையிலேயே ஒரு மத்தியானம் போனது.

பக்கத்துத் தறிக்காரர் சும்மா இருக்கவில்லை. "மாப்ள, நீ வெரல எண்ணு. துணி தானா நெய்ஞ்சுக்கிரும்" என்றார்.

இன்டர்வியூவில் முதலாளி கொடுத்தது ஒரு துண்டு. விவரச் சீட்டு குத்தியிருந்தது. வாயைத் திறந்தேன், முதல் சொல்லே வரவில்லை. கைதான் பழக்கத்தில் துணியை விரித்து, ஓர் அங்குலத்தை நகத்தால் குறித்து, இழைகளை எண்ணத் தொடங்கிவிட்டது.

"இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னா என்னப்பா எண்ணுற?"

"சார், முப்பத்தெட்டு இழைதான் இருக்கு. சீட்டுல நாப்பத்துநாலுன்னு போட்டிருக்கு."

அவர் லென்ஸ் எடுத்துவரச் சொல்லி இரண்டு முறை எண்ணினார். பிறகு, அதே ரகத் துண்டுகளை வெளிநாடு அனுப்பக் கட்டி வைத்திருந்த பேல் பொதிகளைப் பிரிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளைக்கே வந்துரு. லெட்டருக்கு இல்ல, செக்கிங்குக்கு."

செக்கிங் என்றால் நாள் முழுக்க மேஜை முன் நின்றுகொண்டு துணி பார்ப்பது. சரி என்றேன். இன்னொரு முறை கேளுங்கள், சொல்கிறேன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. படியிறங்கி பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, அந்தத் துண்டைப் பற்றிய வாக்கியம் ஏழு சொல்லோடும் பிசகாமல் வந்தது. மறுபடி சொல்லிப் பார்த்தேன், அப்போதும் சரியாக இருந்தது. திரும்பிப் போகலாமா என்று யோசித்து மூன்று பஸ்ஸை விட்டேன்.

நான்காவதில் ஏறினேன். வீட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். கம்பெனி வேலை என்று மட்டும் சொன்னேன்.