யாரோடும் சேராத நம்பர்

அன்று ஜீப்பில் இருந்தது நான்கே பேர்: நான், என் அண்ணன் மனைவியான மதினி, எங்களோடு ஏலக்காய் எடுக்கும் அக்கா, டிரைவர். மழை பிடித்துக்கொண்டதால் மற்றவர்கள் எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

போடிமெட்டில் ஜீப்பு நின்றதும் கேரளா பக்கத்துக் கடைக்கு ஓடி, மறுநாள் குலுக்கலுக்கு ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினேன். ஐம்பது ரூபாய், கடன்தான். கடைக்காரச் சேட்டனுக்கு எங்களைத் தெரியும். சீட்டு எப்போதும் எங்கள் மூன்று பேருக்கும் பொது. முன்பு ஒருமுறை நூறு ரூபாய் விழுந்து, பிரித்ததில் அக்காவுக்கு ஒரு ரூபாய் கூடப் போக, மதினி அவளோடு பத்து நாள் பேசவில்லை. நடுவில் கிடந்து சோறு இறங்காமல் தவித்தவள் நான். அதிலிருந்து ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம்: மூன்றால் மீதியில்லாமல் வகுபடும் நம்பரைத்தான் எடுக்க வேண்டும். நம்பர் வகுபட்டால் பரிசும் சண்டையில்லாமல் வகுபடும் என்று மூவருமே நம்பினோம். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் போதும். எட்டாவதோடு நின்ற படிப்பில் எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

அன்று டிரைவர் ஹாரன் அடித்த அவசரத்தில் கூட்டாமல் வாங்கிவிட்டேன். வண்டி இறங்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன். 739391. கூட்டினால் முப்பத்திரண்டு. மூன்றுக்கு வராது.

சொன்னதும் மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “திரும்பவும் அந்த ஒத்த ரூவாப் பஞ்சாயத்தா? எனக்குப் பங்கு வேணாம்.” அக்காவும் தனக்கு வேண்டாம் என்றாள்.

பங்காளிகளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. டிரைவரைச் சேர்த்தால் நாலு. ஒற்றைப்படை நம்பர், வகுபடாது. சேட்டனையும் சேர்த்தால் ஐந்து; கடைசி இலக்கம் ஒன்று, ஆகாது. ஆறைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏழுக்கு ஏலக்காய் எடைச்சீட்டின் பின்பக்கத்தில் வகுத்தேன், மீதி இரண்டு. வளைவுக்கு வளைவு கணக்கில் ஆள் கூடியது. பதினொன்றுக்கு அக்காவின் சம்பந்தக்காரர் வந்தார். பதின்மூன்றுக்கு டிரைவருக்குக் கடன் கொடுத்தவரே வந்தார். யார் வந்தும் மீதி நின்றது.

மதினிதான் முதலில் சிரித்தாள். “எனக்கு வாச்ச நாத்துனா மாதிரியே ஒரு நம்பரு. ஆரோடயும் ஒத்துப் போகாது.”

டிரைவர் விடவில்லை. “ஏத்தா, அப்ப ஏழு லட்சத்துச் சொச்சம் பேரையும் சேத்தாத்தேன் சரியா வரும். நான் எத்தனை ட்ரிப்பு அடிக்க?”

வயிறு வலிக்கச் சிரித்தோம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். அது பகா எண். வாலை நறுக்க நறுக்க 73939, 7393, 739, 73, 7, அத்தனையும் பகா எண். வாலில் ஒரு மூன்றை ஒட்டினாலும், இன்னொரு மூன்றை ஒட்டினாலும் உடையாது. அதற்குமேல் எதை ஒட்டினாலும் உடைந்துவிடுமாம். இந்த வகையில் அந்த எட்டு இலக்கம்தான் ஆகப் பெரியதாம். லாட்டரியே விழுந்ததுபோல வீட்டுக்குள் இரண்டு சுற்று சுற்றினேன்.

காலையில் ஜீப்பில் அதை மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப இது நம்மளுக்குன்னு ஓரவஞ்சன பண்ணல. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தேன் மொரண்டு பிடிக்கிது. எம் பங்கைப் போட்டுக்க.”

மதினியும் தலையாட்டினாள்.

சாயங்காலம் பார்த்தால் ஒரு பைசா விழவில்லை. பரிசு விழாததற்கு அப்படிக் குதித்தவள் போடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிரிக்க ஒன்றுமில்லை, சண்டையுமில்லை. சீட்டுக் காசை மட்டும் சேட்டனுக்குக் கொடுக்க வேண்டும். மதினி பதினாறு, அக்கா பதினாறு, நான் பதினாறு. மிச்சத்தை யார் போட்டாலும் ஒருத்திக்குக் கூடிவிடும் என்று மூவரும் கையைக் கட்டிக்கொண்டோம். சேட்டனுக்கு இன்னும் இரண்டு ரூபாய் பாக்கி.