பாரிஸில் நான் கேட்ட என் ராத்தாவின் கதை

சிவப்புக் குடையொன்றைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி பிரசல்ஸ் புகையிரத நிலையத்தின் படிகளில் ஏறிய ஒரு மனிதரின் முதுகுதான், ஐரோப்பா என்றதும் என் நினைவில் முதலில் எழுகிறது. அன்று மழை பெய்யவில்லை. அவருக்குப் பின்னால் சென்றவர்கள் ஒரே வகுப்பைச் சேர்ந்த நாங்கள் ஐந்தாறு பேர். எவரும் வழிதவறிவிடும் வயதினர் அல்லர். சுற்றுலா வழிகாட்டிகள் குடை உயர்த்துவதைக் கண்டவுடன் தாமும் உயர்த்த வேண்டுமென்று அவருக்குத் தோன்றிவிட்டது. பிறருடையதைக் கண்ட மாத்திரத்தில் தம்முடையதாக்கிக்கொள்வது அவருடைய சுபாவம். அன்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதே சிரிப்பு வரவில்லை.

அவரை இங்கே பொறியியலாளர் என்றே குறிப்பிடுகிறேன். பெயரை எழுத எனக்கு மனமில்லை. எழுதாவிட்டாலும் கல்முனைப் பக்கத்தில் அவரை அறிந்துகொள்வார்கள். சுனாமி வந்ததற்கு மறு ஆண்டு, கரையோர வீடமைப்பைத் திட்டமிடும் கற்கைநெறி ஒன்றுக்காக எங்கள் இருவரையும் ஒல்லாந்துக்கு அனுப்பினார்கள். நான் திட்டமிடல் உத்தியோகத்தன்; ஐம்பதைத் தாண்டியவன்; கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் முறையாகக் கற்றவன்; எந்த மேலதிகாரியின் முன்னாலும் வளைந்து நின்றவன் அல்லன் என்று ஊரில் பெயருள்ளவன். அவர் வயதில் என்னைவிட இளையவர், ஆகையால் அண்ணன் என்ற பொருளில் என்னைக் காக்கா என்று அழைப்பார். அந்த விளியில் இருந்த பணிவு அவருடைய வேறெந்தச் செயலிலும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மாலை வகுப்பும் கலைந்ததும் அவருடைய பயணங்கள் தொடங்கும். இன்று பிரசல்ஸ், மறு வாரம் கொலோன், அதற்கடுத்து பாரிஸ். விடுதிச் சமையலறையில் சோறு சமைத்து, வாழையிலை இல்லாத நாட்டில் வெள்ளித்தாளில் பொதி கட்டி, டின் மீன் குழம்பை ஜாம் போத்தலில் ஊற்றி எடுத்துச் செல்வோம். ஹலால் பற்றிய ஐயத்தால் வெளியே உண்பதை நான் தவிர்த்தேன். அவரோ பொதியை என் கையில் தந்துவிட்டு எவருடைய வீட்டு விருந்திலோ போய் அமர்ந்துகொள்வார். ஒரு நகரத்தில் இறங்கினால், நான் அதன் கட்டடங்களைப் பார்ப்பேன். அவர் தமக்கு யார் கதவு திறப்பார்கள் என்று பார்ப்பார். பள்ளிவாசல் வாசலிலும் தமிழ்க் கடைகளிலும் பேச்சுக் கொடுத்து, அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு குடும்பத்துக்கு உறவினராகிவிடுவார். அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை. அதை அவர் எதைக் கொண்டு சாதித்தார் என்பதுதான் விடயம்.

பிரசல்ஸ் சென்ற அந்த முதல் பயணத்தில் புகையிரதம் ஓர் அணைக்கட்டின் ஓரமாகச் சென்றது. ஒரு பக்கம் மாடு மேயும் புல்வெளி. மறுபக்கம் அதைவிட உயரத்தில் தண்ணீர் நின்றது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிரே இருந்த அவர் காரணம் கேட்டார். எவரிடமும் சொல்லியிராத ஒன்றை அவரிடம் சொன்னேன்.

என் மூத்த சகோதரியை நான் ராத்தா என்றே அழைப்பேன். ராத்தாவின் கணவர் சுனாமிக்கு இரண்டு மாதம் முன்னர் மாரடைப்பால் மௌத்தானார். ராத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் கடமை அது. கடற்கரை வீதியிலிருந்த அந்த வீட்டின் கிழக்கு ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தோம். அதனால் அவர் கடலைக் காணவில்லை, இரைச்சலைத்தான் கேட்டார். கேட்டதும் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. முக்காட்டைத் தேடவில்லை. பதினாறு வயது மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஆண்கள் ஓடிக்கொண்டிருந்த வீதியில் திறந்த தலையோடு ஓடினார். அரைகுறையாய் நின்ற அயல் வீடொன்றின் ஜன்னலில் மகளை ஏற்றி, மேலே கொங்கிரீட் தட்டுக்குத் தள்ளிவிட்டார். தாம் ஏறுவதற்குத் தண்ணீர் இடம் கொடுக்கவில்லை. அன்று நான் கண்டியில் இருந்தேன். இவையனைத்தையும் ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து ராத்தாவின் அந்த மகள், என் மருமகள், எனக்குச் சொன்னாள்.

உயிருக்கு ஆபத்து வந்தால் இத்தாவில் இருப்பவள் வெளியேறலாம் என்று மார்க்கமே சொல்கிறது. ஆயினும் ராத்தா வீதியில் முக்காடின்றி ஓடியதை ஊரில் எவர் வாயும் மெல்ல வேண்டாமென்று எண்ணி நான் அதை வெளியிடவில்லை. குடும்பத்தின் மானத்தைக் காப்பது என் பொறுப்பு. அந்த முடிவுக்காக நான் வருந்தியதில்லை. பொறியியலாளர் அன்று முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுதது மெய்யென்றே நம்பினேன்.

கொலோனில் பேராலயத்துக்கு எதிரே நாங்கள் நின்றிருந்தபோது, முந்திய நாள் பள்ளிவாசலில் அவரைச் சந்தித்திருந்த ஒரு முதிய துருக்கியப் பெண்மணி வந்து அவருடைய தோளில் கை வைத்துத் தேம்பினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். நம்முடைய நாட்டுக்காக அழுகிறார் என்றார். அன்று மாலை அந்தப் பெண்மணியின் வீட்டில் அவருக்கு விருந்து. எனக்கு வழமைபோல் சோற்றுப் பொதி.

பாரிஸில்தான் உண்மை வெளிப்பட்டது. அங்கே உணவகமொன்றில் சமையல் வேலை செய்த, பொறியியலாளரோடு தொலைபேசியில் முன்பே பழகியிருந்த, திருக்கோவிலைச் சேர்ந்த ஒருவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். வினாயகபுரத்தில் இருந்த தம் தமக்கையின் வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே ஊரில் அவநம்பிக்கை மிகுந்திருந்த காலம் அது. இருந்தும், நாங்கள் உண்ண வேண்டுமென்பதற்காக ஹலால் இறைச்சிக் கடையைத் தேடிச் சென்று கோழி வாங்கி வந்திருந்தார். அந்த மனிதரைப் பற்றி மட்டும் இந்தக் குறிப்பில் எனக்குக் கசப்பான சொல் இல்லை. பொறியியலாளர் முன்னறையில் பிள்ளைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் சமையலறையில் கை கழுவினேன். வீட்டுக்காரர் துவாயை நீட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“சேர், இஞ்சினியர்ர ராத்தாட கதையைக் கேட்டதில இருந்து என்ட மனிசி ஒழுங்கா நித்திரை கொள்றல்ல.”

எந்த ராத்தா என்று கேட்டேன். பொறியியலாளருக்கு மூன்று சகோதரிகள். மூவரும் உயிரோடு, நலமாக, சாய்ந்தமருதில் இருந்தார்கள்.

“அதுதான் சேர், புருசன் செத்து வெள்ளை உடுத்து அறைக்குள்ள இருந்தாவே. ஆம்புளயள் வந்து கதவைத் தட்ட, நான் வெளிய வரமாட்டன், என்ட மகளக் கொண்டு போங்க எண்டு திரைக்குள்ள இருந்து சொன்னாவாம். ஓம் எண்டு அந்தப் புள்ளயும் போயிட்டாம். தாயை விட்டுட்டுப் போக அதுக்கு எப்பிடி மனசு வந்திச்சு? இப்ப அது ஆரோட இருக்கு சேர்?”

துவாயை மடித்து வைத்தேன். அந்தப் பிள்ளை தாய்மாமனோடு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். விருந்தாளியாய் வந்த வீட்டில், நம் ஊரவன் ஒருவனைப் பொய்யன் என்று காட்டிக்கொடுக்க என் வளர்ப்பு இடம் தரவில்லை. சோற்றை உண்டு முடித்தேன். உண்ணாமல் எழுவது வீட்டாருக்கு அவமரியாதை.

நிலையத்துக்குச் செல்லும் வழியில் அவரை நிறுத்திக் கேட்டேன். அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பொறுமையிழந்தவரைப் போல் என்னைப் பார்த்தார்.

“காக்கா, இது நம்மட ஊரா? இஞ்ச ஆருக்குத் தெரியும் ஆர்ர ராத்தா எண்டு?”

“அவ உள்ளுக்கு இரிக்கல்ல. ஓடினா. ஒனக்கு நான் அப்பிடித்தான் சொன்ன.”

“ஓடினா எண்டு செல்லி ஒருக்கா செல்லிப் பாத்த காக்கா. ஒரு மனிசனும் அழல்ல. சுனாமிக்கு எல்லாரும்தானே ஓடின. அறைக்குள்ள இருந்து மௌத்தாகின எண்டாத்தான் சனம் கேக்கிது.”

அந்தப் பதிலை நான் இன்றுவரை பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு துளி குற்ற உணர்வும் இல்லை. சந்தையில் எந்த மீன் விலைபோகும் என்று சொல்பவனின் தெளிவு மட்டுமே இருந்தது. என் ராத்தாவின் கடைசி நிமிடத்தை இரண்டு விதமாக மேசையில் வைத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதன் பிறகு நான் எந்த நகரத்துக்கும் செல்லவில்லை. எஞ்சிய மாதங்களில் சனியும் ஞாயிறும் விடுதி அறையிலேயே கழிந்தன. வியன்னாவுக்கும் ஜெனீவாவுக்கும் அவர் தனியாகச் சென்று வந்தார்; வெறுங்கையோடு அல்ல என்பது எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் அவர் வாயை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். ஊரில் எல்லோருக்கும் அவருடைய சகோதரிகளைத் தெரியும். ஆனால் அவர் கதையைக் கைவிடவில்லை. உரிமையாளரை மட்டும் மாற்றினார். ‘காக்காட ராத்தா’ என்று எனக்கே திருப்பித் தந்து, தாம் அதை உலகுக்கு எடுத்துச் சென்றவராக நின்றுகொண்டார். ஜும்ஆப் பிரசங்கத்தில் கூட ஒருமுறை அது உதாரணமாக வந்தது. பக்தியுள்ள கதை வேகமாகப் பரவும். என்னைக் கண்டால் முதியவர்கள் எழுந்து நின்றார்கள்.

அந்த மரியாதைக்கான விலையை என் மருமகள் செலுத்தினாள். யுத்தம் முடிந்த ஆண்டு அவளுக்கு ஒரு நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பேச்சு முற்றிய வேளையில் மாப்பிள்ளையின் உம்மா பின்வாங்கிக்கொண்டார். அவர் அயலவர்களிடம் சொன்னதாக என் மனைவி கொண்டுவந்த சொற்கள் இவை: “உம்மாவ உள்ளுக்கு உட்டுட்டு உசிரைக் காப்பாத்தின புள்ள. நாளைக்கு மாமிய ஆஸ்பத்திரில உட்டுட்டுப் போக மாட்டாளா?” மருமகள் அதைக் கேட்டு அழவில்லை. அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு அறைக்குள் சென்றாள்.

அதே மாதத்தில், கடற்கரையிலிருந்து விலக்கிக் கட்டப்பட்ட குடியேற்றத்தில் பெண்கள் மத்ரஸா ஒன்று திறக்கப்பட இருந்தது. ராத்தாவின் பெயரைச் சூட்டப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை தீர்மானித்திருப்பதாகவும், அவருடைய வரலாற்றைப் பொறியியலாளர் சபையில் எடுத்துரைப்பார் என்றும் செய்தி வந்தது. நான் செய்யப்போவதை மனைவி என் முகத்திலிருந்தே அறிந்துகொண்டார்.

“சபையில எழும்பி, ராத்தா முக்காடில்லாம ஓடின எண்டா செல்லப் போறீங்க? மௌத்தான மனிசிக்கு ஒரு கண்ணியம் கிடைக்கிற நேரம்.”

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. இறந்தவருக்குக் கண்ணியம், எனக்கு மரியாதை, சபைக்கு ஒரு பெயர். பழி மட்டும் உயிரோடு இருப்பவள் தலையில். இப்படியொரு பங்கீட்டை ராத்தா ஏற்றிருக்க மாட்டார். மகளைத் தட்டுக்கு ஏற்றிய பிறகு தாம் ஏற முயன்றவர் அவர்.

திறப்பு விழாவன்று பொறியியலாளர் நன்றாகவே பேசினார். திரைக்குள்ளிருந்து வந்த குரலைப் பெண்குரலில் நடித்தும் காட்டினார். பெண்கள் பகுதியில் விம்மல் கேட்டது. அவர் என் பக்கம் கையை நீட்டிச் சபையை என்னைப் பார்க்கச் செய்தபோது நான் எழுந்து நின்றேன். நன்றி கூறப்போகிறேன் என்று ஒலிவாங்கியைக் கொண்டுவந்தார்கள். அதை வாங்கவில்லை, என் குரல் அந்த மண்டபத்துக்குப் போதுமானது.

“இவர் சொன்னது நடக்கவில்லை,” என்றேன். “என் ராத்தா அறைக்குள் இருக்கவில்லை. இத்தாவில் இருந்த அவர் தலையில் துணியில்லாமல், ஆண்கள் நிறைந்த வீதியில் மகளை இழுத்துக்கொண்டு ஓடினார். மகளை மேலே ஏற்றியவர் அவர்தான். அந்தப் பிள்ளை தாயை விட்டுச் செல்லவில்லை. ஓடிய பெண்ணின் பெயர் உங்கள் கட்டடத்துக்கு வேண்டுமென்றால் சூட்டுங்கள். இருந்து செத்த பெண் எங்கள் குடும்பத்தில் இல்லை.”

பொறியியலாளர் சிரிக்க முயன்றார். துக்கத்தில் காக்காவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது, அவர் அன்று ஊரிலேயே இருக்கவில்லை என்று மென்மையாகச் சபைக்கு விளக்கினார். அது உண்மை என்பதால் சிலர் தலையசைத்தார்கள். அப்போது, ஆண்கள் கூடிய சபையில் பெண்குரல் எழும் வழக்கமில்லாத அந்த ஊரில், திரைக்கு அப்பாலிருந்து மருமகளின் குரல் வந்தது.

“மாமா இரிக்கல்ல. நான் இரிந்தன். உம்மா என்ட கையப் புடிச்சிட்டுத்தான் ஓடின.”

தலைவர் அவசரமாக துஆ ஓதி நிகழ்வை முடித்தார். அந்த மத்ரஸாவுக்குப் பின்னர் வேறு பெயர் வைத்தார்கள். என்னைக் கண்டு எழுந்து நின்ற முதியவர்களுள் பலர் பிறகு எழவில்லை. மருமகளுக்கு மறு ஆண்டு அக்கரைப்பற்றிலிருந்து சம்பந்தம் வந்தது. பையனின் உம்மா பெண் பார்க்க வந்த அன்றே, அந்தத் தட்டு எவ்வளவு உயரம் மகள் என்று கேட்டு, அவள் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தத் திறப்பு விழாவன்று வாசலில் செருப்பு அணியும்போது பொறியியலாளர் முஸாபஹா செய்யக் கை நீட்டினார். நான் நீட்டவில்லை. அவர் இப்போதும் இதே ஊரில்தான் இருக்கிறார். அஸருக்குப் பள்ளிக்கு வருகிறார். அவர் சலாம் சொன்னால் பதில் சொல்கிறேன், அது மார்க்கம் எனக்கு விதித்த கடமை. அதற்கு மேல் ஒரு சொல்லை அவர் என்னிடமிருந்து பெற்றதில்லை, பெறப்போவதும் இல்லை.