இன்னும் கொஞ்சம் ரசம்

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மதியம் தனி மேசை கிடைக்காது. அன்று என் எதிரே வந்து உட்கார்ந்த நரைத்த தலை அம்மாளின் கழுத்தில் ஏதோ கல்லூரியின் அட்டை தொங்கியது. ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, முன்பின் தெரியாத என்னிடம் பேச ஆரம்பித்தார்.

“முதல் உயிர் எங்க வந்துச்சு தெரியுமா தம்பி? வெயில்ல சூடான ஒரு குட்டையில. இந்த ரசம் மாதிரி.”

“இருக்கலாம் ஆன்டி.”

நான் ஒப்புக்கொண்டதும் கட்சி மாறிவிட்டார். “அது எப்படி லா? ஆழ்கடல்ல, வெந்நீர் ஊத்துப் பக்கத்துலதான்.” அதற்கும் தலையாட்டினேன். உடனே ஓர் அப்பளத்தை உயரத் தூக்கி இலையில் போட்டார். “இப்படி விண்கல்லோட வந்து விழுந்திருந்தா?”

இடத்துக்காக எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் கடலுக்கு ஓட்டுப் போட்டார்.

“யாருக்குமே தெரியாது ஆன்டி” என்று சொல்லி இலையை மடிக்கப் போனேன். அவர் என் இலையை அமுக்கிப் பிடித்தார்.

“தெரியாதுன்னு யார் சொன்னா? அண்ணே, இங்க ரெண்டு பேருக்கும் இன்னும் கொஞ்சம் ரசம்!”

அவர் எந்தக் கட்சி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் உள்ளங்கையில் ரசம் விழுந்தால், குடிக்குமுன் ஒரு நொடி உற்றுப் பார்க்கிறேன்.