தண்ணி தெளிக்காத பஞ்சு

இருளம்மாள் என்கிற பேரை மாடத்தி முதன்முதலாகக் கேட்டது ஒரு பருத்திக் காட்டில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டோ மூன்றோ இருக்கும். எடை கூடினால் கூலி கூடும் என்று, பஞ்சு எடுக்கிற பொம்பளைகள் சாயங்காலம் எடைக்கு முன்னால் மடியிலுள்ள பஞ்சில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள்.

"சேத்தூர்ப் பக்கம் ஒருத்தி இருக்கா, இருளம்மாள்னு. தண்ணி தெளிக்கவே மாட்டேங்கா. கூட எடுக்கவளுக்கெல்லாம் அவளால கெட்ட பேரு" என்று ஒருத்தி புறணி பேச, மற்றவர்கள் சிரித்தார்கள். மாடத்தி சிரிக்கவில்லை. தம்பி பால்சாமிக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. விசாரித்தால், மாடத்தியின் அய்யாவுடைய அத்தை மகனுக்கு மகள்தான் அந்தப் பிள்ளை. முறையும் வந்தது. அடுத்த வைகாசியில் இருளம்மாள் செட்டியார்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்துவிட்டாள்.

இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற காலத்தில், ஒரிசாவிலிருந்து மொகந்தி அம்மா என்று ஒரு படித்த பொம்பளையும் இன்னொரு சாரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருஷ ஆராய்ச்சிக்கு வந்தார்கள். மண்ணைக் கெடுக்காமல் பருத்தி விளைவித்து நல்ல விலைக்கு விற்க வழி உண்டா என்று பார்க்கிற ஆராய்ச்சி. வயலின் ஒரு பாதிக்கு வழக்கம்போல் பூச்சிமருந்து, மறு பாதிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும். ஊரில் ஒருத்தரும் இடம் தரவில்லை. பால்சாமியைச் சம்மதிக்க வைத்து இருளம்மாள் தந்தாள்.

பால்சாமியின் சித்தப்பா மகன் சமுத்திரம், பக்கத்துக் காட்டுக்காரன், வரப்பில் நின்று கேட்டான்: "என்ன மதினி, புழுவுக்கு விருந்து வைக்கப் போறீகளா?"

"வாங்க கொழுந்தனாரே, உங்க மொகரையப் பாத்தாலே புழு ஓடிரும்."

மொகந்தி அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. கூட வந்த மாணவர் வைகுண்டராஜ் எடுத்துச் சொன்னார்: "அந்தப் பாதியில மருந்து ஒரு சொட்டுப் படக்கூடாதாம்மா. இவியளுக்கு இந்த ஒரு விளைச்சல்தான். மாசியில ஊருக்குப் போகணும்."

"படாது" என்றாள் இருளம்மாள். சொன்னால் சொன்னதுதான்.

புரட்டாசி சனிக்கிழமை. இருளம்மாளும் மாடத்தியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பினார்கள். காட்டை நெருங்கும்போதே மூக்கைப் பிடுங்கியது மருந்து வாடை. வரப்பில் சமுத்திரம், முதுகில் காலி டேங்கு, முகமெல்லாம் சிரிப்பு.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் காட்டில் இன்னொருத்தர் வேலை செய்து கொடுத்தால் கூலி கிடையாது. பதிலுக்கு அவர் ஒரு நாள் இவர் காட்டில் இறங்க வேண்டும். கேட்டபிறகு வருவது கேவலம், கேட்காமல் வந்து செய்வதுதான் மரியாதை. சமுத்திரத்தின் பெண்டாட்டி பிள்ளை பெற்றுக் கிடந்தபோது இருளம்மாள்தான் அவன் மிளகாய்க் காட்டில் பழம் எடுத்துக் கொடுத்தாள்.

"அந்தப் பாதியில புழு நெளியுது மதினி. மனசு கேக்கல. ஆராய்ச்சியாவது ஒண்ணாவது! என் காட்டுக்கு வாங்கி வச்ச மருந்தையே அடிச்சிட்டேன்."

மரியாதை செய்ய வந்தவனை எப்படித் திட்டுவது? இருளம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் போன பொறவு மாடத்தி மெல்லச் சொன்னாள்: "ஏட்டி, அழாத. ரெண்டு மூணு நாள்ல வாடை போயிரும். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பஞ்சு நல்லா வெடிச்சா அவியளுக்கும் பேரு, நமக்கும் பேரு."

"அது தண்ணி தெளிச்ச பஞ்சு மதினி" என்றாள் இருளம்மாள்.

இதைக் கேட்டுத்தானே இவளைத் தம்பிக்குக் கட்டினோம் என்று மாடத்தி நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மொகந்தி அம்மாவின் ஜீப் வந்து நின்றதும், இறங்குவதற்குள் இருளம்மாளே போய்ச் சொல்லிவிட்டாள். யார் அடித்தது என்று மட்டும் சொல்லவில்லை. "எங்க வீட்டு ஆளு, தெரியாம அடிச்சிட்டாரு." வைகுண்டராஜ் எடுத்துச் சொல்லச் சொல்ல மொகந்தி அம்மாவின் முகம் செத்துப்போனது. செடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதைப் பக்கத்துக் காட்டிலிருந்து பார்த்த சமுத்திரத்துக்குப் பொறுக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வந்தான்.

"அடிச்சது நான்தான்மா. மதினி பேருக்குக் கெடுதல் வரக்கூடாது. என் பருத்தி பிந்தி வெதச்சது. மருந்தெல்லாம் இங்க காலியாயிட்டு, அங்க இன்னும் ஒரு சொட்டுப் படல. எடுத்துக்கோங்க."

மொகந்தி அம்மா விடுவிடுவென்று நடந்துபோய் அவன் செடிகளைப் புரட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது சிரித்தார். "போதும்" என்றார், தமிழிலேயே.

புழுவுக்கு விருந்தா என்று கேட்டவன் காட்டிலேயே ஆராய்ச்சி நடந்தது. கொட்டை இடித்து ஊறவைத்து வடிகட்டியதெல்லாம் இருளம்மாள். "கொழுந்தனாரே, விருந்து எப்படி?" என்று அவள் கேட்டால் அவன் வேறு பக்கம் பார்ப்பான். கரைசல் மட்டும் அடித்த பாதியில் விளைச்சல் கொஞ்சம் குறைச்சல்தான், செலவு அதைவிடக் குறைச்சல். ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி மைதீன் பிச்சை ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்து, "அடுத்த வருசமும் எனக்கே கொண்டாங்க" என்றார்.

மாசியில் பல்கலைக்கழகத்தில் கூட்டம். இருளம்மாளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மொகந்தி அம்மா அந்தத் திங்கட்கிழமைக் கதையைச் சொல்லி, "இந்த அம்மா மறைச்சிருந்தா என் ஆராய்ச்சி பொய்" என்றார். கை தட்டல் அடங்கச் செத்த நேரம் ஆனது. பின்வரிசையில் மாடத்தி பக்கத்தில் இருந்த பொம்பளையை இடித்துச் சொன்னாள்: "எங்க வீட்டுப் பொண்ணு. நான் பாத்துக் கட்டி வச்சது."

இருளம்மாள் இப்போதும் செட்டியார்பட்டியில் அதே காட்டில்தான் பருத்தி போடுகிறாள்.