அப்பாவின் பச்சைக் கட்டம்

மனித உடம்பின் நிறையைப் பற்றி இந்தப் பூமியில் என்னைவிட அறிந்தவர் எவருமில்லை. பேராசிரியர்மார் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து, எங்கள் குளியலறை வாசலில் வரிசையில் நின்று என்னிடம் பாடம் கேட்கலாம். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவள் என்பதை அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனது ஆராய்ச்சிப் பொருள் அப்பா. பெயர் ஞானப்பிரகாசம், வயது ஐம்பத்தாறு. பாண் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக மாப் பிசையும் மெசினோடு நிற்பவர். கோபம் வந்தால் ஏசமாட்டார், பாத்திரம் கழுவுவார். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருப்பதற்கு நானே காரணம்.

போன வருடம் அவருடைய நிறை எண்பத்தெட்டு. வைத்தியர் வயிற்றை நாடாவால் அளந்து, ஆரோக்கியமான நிறையைக் காட்டும் ஒரு தாளைக் கொடுத்தார். அப்பாவின் உயரத்துக்குப் பச்சைக் கட்டம் எழுபதோடு முடிகிறது. அவர் நின்றது சிவப்பில். அம்மா அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்.

நான் சும்மா இருக்கவில்லை. எங்களுடையது முள் ஓடுகிற பழைய தராசு. அடியிலுள்ள சின்னச் சில்லைத் திருப்பினால் முள் நகரும். மூன்று கிலோ கூட்டி வைத்தேன். வெறும் தராசின் முள் எங்கே நிற்கிறதென்று யார் பார்க்கப் போகிறார்கள்?

“இஞ்சருங்கோ, தொண்ணூத்தொண்டு! இனிச் சோறு இல்லை,” என்றார் அம்மா.

அப்பா ஒரு காலைத் தூக்கினார். “ஒத்தைக் காலில நிண்டா பாதிதானே காட்டோணும்?”

அன்றிலிருந்து வீட்டில் குரக்கன் புட்டு. அவரும் நானும் காருக்குள் ஒளித்திருந்து ரோல்ஸ் தின்னத் தொடங்கினோம். அவர் பாவமென்று சில்லைப் பழையபடி திருப்பி விட்டேன்.

இந்த வசந்தத்தில் அப்பா மெலியத் தொடங்கினார். ஓகஸ்டில் கெவ்லார் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்த கையோடு ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

“அண்ணை, பெடியன் மாதிரி வந்திட்டியள்! என்ன மருந்து?”

“சோத்தை விட்டனான்,” என்றார் அப்பா, என்னைப் பாராமல்.

வீட்டுக்கு வந்து தராசில் ஏறினார். எழுபது. பச்சை! அம்மா கேக் அடித்தார். எல்லோரும் கைதட்டினோம்.

ஆனால் ரோல்ஸ் விசயம் எனக்குத் தெரியுமே. அவர் ஒன்றையும் விடவில்லை. எதையும் விடாத மனிதனிடமிருந்து பதினெட்டுக் கிலோ எங்கே போனது? போனில் தேடினேன். முயற்சி செய்யாமலே இப்படி இறங்கினால் உடனே வைத்தியரிடம் போகவேண்டும் என்றிருந்தது. கீழே இருந்த காரணங்களை வாசித்தேன், மூடினேன், திரும்பவும் வாசித்தேன். பச்சைக்குள் நிற்பவருக்கும் நோய் வரலாமென்று எங்கள் வீட்டுத் தாளில் ஓரிடத்திலும் இல்லை.

‘டொக்டரிட்டைப் போய்க் காட்ட ஒரு டெர்மின் எடுப்பமோ?’ என்று கேட்க மூன்று தடவை வாய் திறந்தேன். மூன்று தடவையும் பகிடிதான் வந்தது.

“அப்பா, காத்தடிச்சா கவனம். ஹொலண்டுக்குப் போயிடுவியள்.”

சிரித்தார். சிரிக்கும்போது கழுத்தெலும்பு தெரிந்தது.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரேயொரு வைத்தியத்தைச் செய்தேன். சில்லைத் திருப்பினேன். ஒவ்வொரு கிழமையும் அவர் இறங்க இறங்க நான் கூட்டினேன். முள் எழுபதிலேயே நின்றது. அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் மாதாவுக்கு நன்றி சொன்னார்.

நேற்றுக் காலை குளியலறைத் தரையில் தராசைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன். கதவைப் பூட்ட மறந்துபோனேன்.

“எத்தினை கூட்டுறாய், பிள்ளை?”

அப்பா வாசலில் நின்றார்.

“அது... பகிடிக்கு.”

“ஓம், பகிடிதான்.” மெல்லப் பக்கத்தில் அமர்ந்தார். “வேலையில மா நிறுக்கிற தராசில ஏறிப் பாத்தனான். அறுபத்திமூண்டு. அண்டைக்கே டொக்டரிட்டைப் போனனான். வயித்துக்குள்ள கட்டியாம். ஞாயிறு பூசை முடிய அம்மாவுக்குச் சொல்லுவம்.”

என் விரல் சில்லிலேயே இருந்தது.

அறைக்குள்ளிருந்து அம்மாவின் செருப்புச் சத்தம் வந்தது. அப்பா தராசை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்த்தார்.

“அஞ்சுதான் கூட்டியிருக்கிறாய், கம்சனா. ஏழு வேணும். கெதியாத் திருப்பு, கொம்மா வாறா.”